ஆறு பயிற்சி ஆட்டத்தில் 27 கோல் போட்ட ஹாக்கி டீம், கோவில்பட்டியில் ஏன் இப்படி விழுந்தது?

வைகைக்கரை:

டீம் பெயரைப் போடவில்லை. இங்கே வருகிற எல்லாருக்கும் எந்த டீம் என்று தெரியும். பசங்களும் படிப்பார்கள், அதனால் ஆட்டக்காரர் பெயரை யாரும் எழுத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு வேன் தல்லாகுளம் வந்து சேர்ந்தது. கோவில்பட்டிப் போட்டியில் மூன்று ஆட்டம். 1-4, 2-2, 0-1. லீக் சுற்றோடு வெளியே வந்துவிட்டோம். விருதுநகர் தாண்டுகிற வரைக்கும் வேனில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பந்தை ஸ்டிக்கால் இழுத்துக் கோலுக்குள் வீசுகிற நம்ம ஃப்ளிக்கர் தம்பி கடைசி சீட்டில் உட்கார்ந்து, ஸ்டிக் கைப்பிடியில் சுற்றியிருந்த கிரிப்பைப் பிரிப்பதும் மறுபடி சுற்றுவதுமாகவே வந்தான். திருமங்கலத்தில் டீக்கு நிறுத்தினோம். அவன் இறங்கவில்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. தோற்றதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். டிசம்பரிலிருந்து நாம் எல்லாரும் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை நினைத்தால்தான் தூக்கம் வர மாட்டேன் என்கிறது. ஜூனியர் உலகக் கோப்பை நம்ம மதுரைக்கே வந்தது. 2025 டிசம்பர் 2 அன்று ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இந்தியா சுவிட்சர்லாந்தை 5-0 என்று ஜெயித்ததை நம் பசங்க மொத்தப் பேரும் கேலரியில் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த நீலத் தரையையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டு வந்தவர்கள், மறுநாள் விடிவதற்குள் நம்ம மண் மைதானத்தில் வந்து நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்தார்கள்.

அப்புறம் ஹாஸ்டலில் இருந்த ஃப்ளிக்கர் ஊருக்குத் திரும்பினான். நல்ல கோல்கீப்பர் ஒருத்தன் கிடைத்தான். சீசனுக்கு முன்னால் ஆறு பயிற்சி ஆட்டம், ஆறிலும் வெற்றி. போட்டது 27 கோல், வாங்கியது 3. ஜெர்சிக்கு வசூல் செய்தவன் நான். மைதான வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தவர்களில் நானும் ஒருத்தன். 'இந்த வருஷம் கப் மதுரைக்குத்தான்' என்று இங்கேயே முதலில் எழுதியவனும் நான்தான்.

மூன்று ஆட்டத்திலும் சேர்த்து 11 பெனால்டி கார்னர் கிடைத்தது. அதில் ஒன்றே ஒன்றுதான் கோல் ஆனது. ஆட்டம் தெரிந்தவர்கள் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். யாரையும் திட்டுவதற்காக இதைத் தொடங்கவில்லை.


அவனியாபுரம்_22:

அண்ணே, நீங்க திட்ட வேண்டாம் என்கிறீர்கள், ஆனால் யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏற்கத்தானே வேண்டும்? 11 கார்னரில் ஒன்று என்றால் பயிற்சியில் ஓட்டை. அதே பையன், அதே ஃப்ளிக், அதே வலது பக்கம். எதிரணிக்கு இரண்டாவது கார்னரிலேயே தெரிந்துபோயிருக்கும். நான் ஆபீசில் லீவு போட்டுவிட்டு வந்து அந்த வெயிலில் நின்று பார்த்தேன். கோச்சை மாற்றாமல் இது சரிவராது.


பழைய_சென்டர்ஹாஃப்:

இரண்டாவது, மூன்றாவது ஆட்டங்களை நேரில் பார்த்தேன். கேலரிக்குப் போகவில்லை. கோல்போஸ்டுக்குப் பின்னால், வேலியை ஒட்டி நின்றேன். கார்னரைப் பார்க்க அதுதான் இடம்.

பெனால்டி கார்னரில் மூன்று பேர் வேலை ஒரே மூச்சில் நடக்க வேண்டும். பின்கோட்டில், கோல்போஸ்டிலிருந்து 10 மீட்டராவது தள்ளிப் பந்தை வைத்து ஒருத்தன் புஷ் போடுகிறான். கோலுக்கு முன்னால் இருக்கிற டி வட்டத்துக்கு வெளியே இன்னொருத்தன் அதை நிறுத்துகிறான். மூன்றாவது ஆள் அதை உள்ளே இழுத்து ஃப்ளிக் பண்ணுகிறான். பந்து ஒரு தடவை வட்டத்தைத் தாண்டி வெளியே போய்விட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எதிரணியில் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் பின்கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம். புஷ் கிளம்பியதிலிருந்து ஃப்ளிக் வரைக்கும் கண் இமைக்கிற நேரம்.

எல்லாரும் ஃப்ளிக்கரைப் பார்க்கிறோம். நான் ஸ்டாப்பர் கையையும் ஃப்ளிக்கர் காலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃப்ளிக்கர் பந்து நின்றதைப் பார்த்துவிட்டு ஓட ஆரம்பிக்க மாட்டான். பந்து வந்துகொண்டிருக்கும்போதே அவன் அடியெடுத்து வைத்துவிடுவான். எந்த இடத்தில் நிற்கும் என்பது அவன் உடம்புக்குப் பழக்கம். இந்தப் பழக்கம் நம் பசங்களுக்கு எங்கே வந்தது? மண் தரையில். காலையில் இரண்டு குடம் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கை இழுத்து ஒரு பாதை சமப்படுத்தி, அதில்தான் புஷ் போடுகிறோம். என்னதான் சமப்படுத்தினாலும் பந்து உரசிக்கொண்டுதான் வரும். வந்து நிற்கும்போது பாதி வேகம் செத்திருக்கும்.

அங்கே டர்ஃப், செயற்கைத் தரை. ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் அடித்திருந்தார்கள். பந்து வழுக்கிக்கொண்டு வந்தது. நம்ம ஸ்டாப்பர் ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைப்பதற்குள் பந்து வந்து மோதி, ஒரு முழம் தள்ளிப் போய் நின்றது. ஒரு தடவை அவன் ஸ்டிக்குக்கு அடியிலேயே புகுந்து போனது. அந்த நேரத்தில் ஃப்ளிக்கர் கால் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, பந்து அங்கே இல்லை. அவன் ஓர் அடி கூடுதலாக எட்டி வைக்கிறான், உடம்பு சாய்கிறது, அதற்குள் முதல் ரஷ், அதாவது எதிரணியில் தடுக்க முதலில் ஓடி வருபவன், ஸ்டிக்கை நீட்டிக்கொண்டு மேலே வந்துவிடுகிறான். நான் பார்த்த ஏழு கார்னரில் ஐந்தில் இதுதான் நடந்தது. இரண்டாவது ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை பந்து ஆணி அடித்த மாதிரி நின்றது. கோல். கீப்பர் அசையக்கூட இல்லை. அந்தப் பையன் கையில் வித்தை இருக்கிறது என்பதற்கு அந்த ஒன்று போதும்.

தரை மாறினால் பெரிய பெரிய ஆட்களுக்கே கால் தடுமாறியிருக்கிறது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் முதல் தடவையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடினார்கள். அதற்கு முன்னால் ஏழு தங்கம் வாங்கியிருந்த இந்தியா அங்கே ஏழாவது இடம். புல்லில் வளர்ந்த கைகள் அவை. நம் பசங்க புல்லும் பார்க்காதவர்கள், செம்மண்ணில் வளர்ந்தவர்கள்.

கோச் விஷயத்துக்கு வருகிறேன். காலை ஐந்தரைக்கு வந்து விசில் அடித்துவிட்டு, எட்டு மணிக்கு அப்படியே வேலைக்குப் போகிற மனிதர். ஒரு ரூபாய் வாங்கியதில்லை. அவரை மாற்றச் சொல்கிற தம்பி, ஒரு வாரம் அந்த நேரத்துக்கு வந்து நின்று பார்த்துவிட்டு எழுதட்டும்.


அவனியாபுரம்_22:

சம்பளம் வாங்காதவர் என்பதற்காகத் தப்பைத் தப்பு என்று சொல்லக் கூடாதா? தரை வேறு என்று போவதற்கு முன்னாலேயே தெரியும்தானே. ஸ்டாப்பர் தடுமாறுகிறான் என்று தெரிந்த பிறகும் ஏன் வேறு வழி பார்க்கவில்லை? இதற்குப் பதில் சொல்லுங்கள் அண்ணே.


பச்சை_அட்டை:

அம்பயரிங் பண்ணுகிறவன் நான். இந்தப் போட்டியில் நான் விசில் ஊதவில்லை, பார்வையாளனாகத்தான் போனேன், அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

அவனியாபுரம் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. ஸ்டாப் சரியில்லை என்றால் நேரடியாக ஹிட் அடிக்கலாம். ஆனால் முதல் ஷாட் ஹிட்டாக இருந்தால் கோலுக்குள் இருக்கிற பலகை உயரம், அதாவது 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஃப்ளிக்குக்கு அந்த உயரக் கட்டுப்பாடு கிடையாது, அதனால்தான் எல்லாரும் ஃப்ளிக்கின் பின்னால் ஓடுகிறார்கள். இல்லையென்றால் நிறுத்தியவனே பக்கத்து ஆளுக்குத் தட்டிவிடலாம். புஷ் போட்டவன் உள்ளே ஓடி வந்து டிஃப்ளெக்ட் பண்ணலாம், அதாவது பந்தைத் திசை திருப்பிவிடலாம். இதில் எதையும் நம் டீம் முயற்சி பண்ணவில்லை. பயிற்சி ஆட்டங்களில் தேவைப்படவில்லை, அதனால் பழகவில்லை. என் கணிப்பு அவ்வளவுதான்.

ஆனால் முதல் ஆட்டத்தில் தோற்றது கார்னரால் இல்லை. அட்டையால். இரண்டாவது குவார்ட்டரில் நம்ம லெஃப்ட் ஹாஃபுக்குப் பச்சை. ஃப்ரீ ஹிட்டுக்கு 5 மீட்டர் தள்ளிப் போகாமல் நின்று வாதம் பண்ணினான். 2 நிமிஷம் வெளியே. அந்த இரண்டு நிமிஷத்துக்குள் ஒரு கோல். மூன்றாவது குவார்ட்டரில் பின்னாலிருந்து ஸ்டிக்கில் அடித்ததற்கு மஞ்சள். 5 நிமிஷம் பத்துப் பேரோடு ஆடினோம், இரண்டு கோல். ஆக, வாங்கிய நான்கில் மூன்று கோல் அந்த ஏழு நிமிஷத்தில் வந்தது. பதினொரு பேரும் உள்ளே இருந்தபோது ஸ்கோர் 1-1.

அந்த இரண்டு பையனுமே சாதாரணமாகக் கோபப்படுகிறவர்கள் இல்லை. அவர்கள் ஆட்டத்துக்கு நான் இங்கே ஊதியிருக்கிறேன், அட்டை எடுத்ததே இல்லை.


மண்தரை:

அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பின்னால் இருக்கும்போது எப்படி ஆடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆறு பயிற்சி ஆட்டத்தில் ஒரு நிமிஷமாவது நாம் ஸ்கோரில் பின்னால் இருந்தோமா? எனக்கு ஞாபகம் இல்லை.


வைகைக்கரை:

இல்லை. ஆறிலும் முதல் கோல் நம்முடையதுதான். இப்போதுதான் எனக்கே உறைக்கிறது.


கோவில்பட்டி_கரிசல்:

மதுரை அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எதிர் ஊர்க்காரன் எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். உங்க டீம் ஆடிய மூன்று ஆட்டத்தையும் முழுசாகப் பார்த்தேன்.

எங்க ஊரில் ஹாக்கி என்பது வீட்டுச் சோறு மாதிரி. பொடியன்கள் பள்ளிக்கூடப் பையோடு ஸ்டிக்கையும் தூக்கிக்கொண்டுதான் போவார்கள். 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆடிய இந்திய டீமில் மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் இருந்தார்கள். மாரீஸ்வரன் எங்க ஊர்ப் பையன். கார்த்தி அரியலூரிலிருந்து வந்து இங்கே ஹாஸ்டலில் தங்கி வளர்ந்தவர். அந்தப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி கோல் போட்ட அன்றைக்கு எங்க தெருவில் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுக்காத வீடு இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. இங்கே ஒரு பையன் பதினெட்டு வயசுக்குள் எத்தனை தடவை தோற்றிருப்பான் என்பதைச் சொல்ல வருகிறேன். சின்னப் பையன்கள் பெரிய பையன்களோடு ஆடித் தோற்பார்கள், பெரிய பையன்கள் வெளியூர் டீமோடு ஆடித் தோற்பார்கள். வாரா வாரம் நடக்கும்.

உங்க பசங்க முதல் ஆட்டத்துக்கு மைதானத்துக்குள் வந்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒழுங்காக, வரிசையாக, அவ்வளவு அழகு. முதல் பத்து நிமிஷம் எங்க ஆட்களே கைதட்டினார்கள். பாஸ் எல்லாம் தரையோடு தரையாகப் போனது. 1-1 ஆகிற வரைக்கும் இந்த டீம்தான் ஃபைனல் வரும் என்று என் பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார். அப்புறம் அந்த இரண்டாவது கோல் விழுந்ததும் ஒன்று நடந்தது. ஃபார்வர்டு மூன்று பேரும் திரும்பி கேலரியைப் பார்த்தார்கள். மதுரையிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம். பந்தைப் பார்க்கவில்லை, கோச்சைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அவர்கள் ஆடியது ஹாக்கி மாதிரியே இல்லை, ஆளுக்கு ஆள் தனியாகப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

நீங்க பயிற்சி ஆட்டம் வைத்த டீம்கள் யார் யார் என்று விசாரித்தேன். நல்ல பசங்கதான், ஆனால் அதில் பாதிப் பேர் சீசனுக்கு ஸ்டிக்கே தொடாதவர்கள். அவர்களோடு ஆடி ஜெயித்தால் உடம்பு சூடாகும், அவ்வளவுதான் கிடைக்கும்.


கீப்பரின்_அக்கா:

நான் இங்கே இதுவரைக்கும் எழுதியதில்லை, படிப்பேன். என் தம்பிதான் கோல்கீப்பர்.

எல்லாரும் ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். வீட்டில் எப்படி இருந்தது என்று நான் சொல்கிறேன். பிப்ரவரியிலிருந்து எங்க வீட்டுக்கு யார் வந்தாலும் 'கப் எப்ப வருது?' என்றுதான் கேட்டார்கள். பால் ஊற்றுகிற அண்ணன் கேட்டார். மாமா துபாயிலிருந்து போன் பண்ணிக் கேட்டார். ஃப்ளெக்ஸில் அவன் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள், அம்மா அதைப் பார்ப்பதற்காகவே அந்தப் பக்கமாகச் சுற்றிக் கோயிலுக்குப் போவாள். அவனுக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோவில்பட்டிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி, மொட்டை மாடியில் கால் பேட் காயப்போட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு மணி இருக்கும். 'தூங்கலையாடா' என்றேன். 'ஜெயிச்சா எல்லாரும் எதிர்பார்த்ததுதான் நடந்துச்சும்பாங்க, தோத்தா என்னக்கா சொல்வாங்க' என்று கேட்டான். பதினேழு வயசுப் பையன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நேற்று வந்தவன் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. மைதானத்துக்குப் போகிற வழியில் அந்த ஃப்ளெக்ஸ் இருக்கிறது. அதைக் கழற்றச் சொல்லுங்கள் என்கிறான்.


வைகைக்கரை:

அம்மா, இன்றைக்குக் காலை ஆறு மணிக்கே நானும் மண்தரையும் போய்க் கழற்றிவிட்டோம். கிழிக்கவில்லை, சுருட்டி என் கடையில் வைத்திருக்கிறேன். தம்பியிடம் சொல்லுங்கள், வழி காலியாகத்தான் இருக்கிறது.

அவன் படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னவன் நான்தான். பிரியத்தில்தான் செய்தேன். அது அவன் தோளில் ஏறி உட்காரும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. தம்பியிடமும் உங்கள் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.


கணக்குப்பிள்ளை:

மண்தரை சொன்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ராத்திரி பழைய ஸ்கோர்களைப் புரட்டினேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊரில் பார்த்த அதே ஜூனியர் உலகக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். லீக் சுற்றில் இந்தியா சிலியை 7-0, ஓமானை 17-0, சுவிட்சர்லாந்தை 5-0. மூன்று ஆட்டத்தில் 29 கோல், ஒன்றுகூட வாங்கவில்லை. அப்போது நாம் என்ன பேசினோம்? தங்கம் கையில் இருக்கிறது என்றோம். கால் இறுதியில் பெல்ஜியத்தோடு 2-2, ஷூட் அவுட்டில்தான் தப்பித்தோம். அரை இறுதியில் ஜெர்மனி 5, இந்தியா 1. அந்த 29 கோல் அன்றைக்கு ஒரு பைசாவுக்கும் உதவவில்லை. இந்தப் பசங்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் மூன்று நாள் கழித்து வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்னால் இருந்து, கடைசிக் குவார்ட்டரில் நான்கு கோல் போட்டு 4-2 என்று ஜெயித்தார்கள். 17-0 ஆட்டத்தைவிட இந்த 4-2 ஆட்டத்தில்தான் அவர்கள் யார் என்று எனக்குத் தெரிந்தது.

பெரியவர்கள் டீமிலும் இதே கதை உண்டு. 2023 ஜனவரியில் ஒடிசாவில் உலகக் கோப்பை, சொந்த மண், அதற்கு முன்னால் டோக்கியோவில் ஒலிம்பிக் வெண்கலம். நாடே எதிர்பார்த்தது. நியூசிலாந்தோடு 3-1 என்று முன்னால் இருந்த ஆட்டம் 3-3 ஆகி, ஷூட் அவுட்டில் தோற்றுக் கால் இறுதிக்கே போகவில்லை. அர்ஜென்டினாவோடு சேர்ந்து ஒன்பதாவது இடம். அந்தக் கோப்பையை ஜெயித்தது யார்? ஜெர்மனி. கால் இறுதியில் இங்கிலாந்திடம் 0-2, அரை இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 0-2, இறுதியில் பெல்ஜியத்திடம் 0-2. மூன்று ஆட்டத்திலும் இரண்டு கோல் பின்னால் இருந்து எழுந்து வந்தார்கள். இதைப் படிக்கும்போது எனக்குச் சிலிர்த்தது.

டோக்கியோவில் வெண்கலம் வாங்கிய நம்ம டீமும் அதே ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று வாங்கிக் கட்டிக்கொண்டதுதான். அப்புறம் ஜெர்மனியோடு வெண்கல ஆட்டத்தில் 1-3 என்று பின்னால் இருந்து 5-4 என்று ஜெயித்தது.

அதனால் நம்ம 27 கோலை நான் இப்போது வேறு மாதிரிப் பார்க்கிறேன். அந்த ஆறு ஆட்டமும் பசங்களுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. நமக்குத்தான் பேச்சுக்குத் தீனி போட்டது.


அவனியாபுரம்_22:

சரி, கோச்சை மாற்ற வேண்டும் என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆத்திரத்தில் எழுதியது. ஆனால் கார்னருக்கு இன்னொரு ஆளும் இன்னொரு வழியும் வேண்டும் என்பதில் மாற மாட்டேன். ஒரே பையன் தலையில் எல்லாப் பாரத்தையும் வைத்தது தப்பு. அவன் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தால் என்ன பண்ணியிருப்போம்?

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. பதினெட்டு பேர் கொண்டு போகலாம், நாம் பதினாலு பேரோடு போனோம். இரண்டு பேருக்குப் பரீட்சை, ஒருத்தனுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை, ஒருத்தன் வீட்டில் கல்யாணம். 15 நிமிஷ குவார்ட்டர் நான்கு, அந்த வெயில், தொடர்ந்து மூன்று நாள். மூன்றாவது ஆட்டத்தின் கடைசிக் குவார்ட்டரில் நம்ம ரைட் விங் ஓடவில்லை, நடந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாற்றி இறக்க ஆள் இல்லை.


பழைய_சென்டர்ஹாஃப்:

அதையும் ஒத்துக்கொள்கிறேன் தம்பி. நேற்று கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே.

கோச்சிடம் இன்றைக்குப் பேசினேன். அவர் யார் மேலும் பழி போடவில்லை. 'பயிற்சி ஆட்டத்தில் ஜெயித்துக்கொண்டே இருந்ததால் பசங்க முகத்தில் சிரிப்பு இருந்தது, அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை' என்றார். கஷ்டமான டீமோடு ஒரு ஆட்டம் வைக்கலாம் என்று மார்ச்சில் நினைத்தாராம், அப்புறம் விட்டுவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.


ஸ்டிக்_36:

நான்தான் ஃப்ளிக்கர். எல்லாத்தையும் படித்தேன்.

ஸ்டாப்பர் அண்ணன் மேல் யாரும் தப்புச் சொல்லாதீர்கள். முதல் ஆட்டத்தில் மூன்று கார்னர் போன பிறகு அவர் என்னிடம் வந்து, 'வேகம் பிடிபடலடா, புஷ்ஷை மெதுவா போடச் சொல்லட்டுமா' என்று கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். மெதுவாகப் போட்டால் ரஷ் வந்துவிடும் என்று பயம். மெதுவாகப் போட்டுப் பார்த்திருக்கலாம். அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

இரண்டாவது ஆட்டத்தில் கோல் ஆன கார்னருக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவர் ஸ்டிக்கைச் சீக்கிரமே தரையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அது மட்டும்தான் வித்தியாசம். எனக்கு வேனில் வரும்போதுதான் அது புரிந்தது.

கேலரியைப் பார்த்தோம் என்று கோவில்பட்டி அண்ணன் எழுதியது உண்மை. நானும் பார்த்தேன். எல்லாரும் எழுந்து போய்விட்டார்களோ என்று பார்த்தேன். யாரும் போகவில்லை.


கோவில்பட்டி_கரிசல்:

தம்பி, எங்க கிளப்பில் கேட்டுவிட்டேன். அடுத்த சீசனுக்கு முன்னால் ஒரு மூன்று நாள் இங்கே வாருங்கள். எங்க சீனியர் பசங்களோடு ஆடுங்கள். முதல் நாள் ஐந்து ஆறு கோல் வாங்குவீர்கள், அதை இப்பவே சொல்லிவிடுகிறேன். தங்க இடமும் சாப்பாடும் எங்க பொறுப்பு. ஸ்டாப்பர் தம்பியையும் கட்டாயம் கூட்டி வரணும், ஈரத் தரையில் பந்து நிறுத்த எங்க ஆள் ஒருத்தர் சொல்லிக்கொடுப்பார். அவர் சொல்லிக்கொடுத்த பையன்கள் நிறைய.


கீப்பரின்_அக்கா:

தம்பி போனில் இதைக் காட்டினேன். ஃப்ளிக்கர் எழுதியதை இரண்டு தடவை படித்தான். அப்புறம் எழுந்து போய் மாடியிலிருந்து பேடை எடுத்து வந்து, வார் அறுந்ததைத் தைக்க ஊசி கேட்டான்.


மண்தரை:

ஞாயிற்றுக்கிழமை யார் யார் வருகிறீர்கள்? ஸ்டாப்பிங்குக்குத் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும் என்று கோச் சொல்லியிருக்கிறார். எங்க வீட்டில் பழைய ரெக்சின் விரிப்பு ஒன்று இருக்கிறது, பன்னிரண்டு அடி இருக்கும். அதை விரித்துத் தண்ணீர் ஊற்றினால் பந்து வழுக்கும். டர்ஃப் ஆகாதுதான், ஆனாலும் மண்ணைவிட வேகம் வரும்.


அவனியாபுரம்_22:

நான் வருகிறேன். புஷ் போட ஆள் வேண்டுமென்றால் நான் போடுகிறேன், காலேஜில் போட்டிருக்கிறேன்.


வைகைக்கரை:

அந்த ஃப்ளெக்ஸையும் கொண்டு வருகிறேன். பதினாறு அடி நீளம், பின்பக்கம் வெள்ளை, வழவழப்பாக இருக்கும். படம் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். மண்தரை விரிப்போடு சேர்த்துப் போட்டால் புஷ்ஷுக்கு நல்ல நீளம் கிடைக்கும். ஐந்தேகாலுக்குக் கடை சாவியோடு வாசலில் நிற்பேன், தூக்க ஒரு ஆள் வேண்டும். தண்ணீருக்கு நான்கு குடம் சொல்லியிருக்கிறேன்.